ஜீட்டா: நிபந்தனைகளுக்கு உட்பட்டது

ஜவுளிக்கடை விளம்பரத்தில் '50 சதவீதம் தள்ளுபடி' என்று அரைப் பக்கத்துக்குப் போட்டிருப்பார்கள். ஓரத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி. அது எங்கே கொண்டு போகிறது என்று தேடினால், பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் வியாபாரம் முழுக்க அந்த எறும்பு வரியில்தான் இருக்கிறது.

கணிதத்திலும் ஒரு தேற்றத்துக்கு இதே கதி. 1975-ல் சோவியத் ரஷ்யாவின் செர்கெய் வொரோனின், ரீமான் ஜீட்டா சார்பைப் பற்றி ஒன்றை நிரூபித்தார். 'யுனிவர்சாலிட்டி' தேற்றம் என்று பெயர். எதற்கும் ஈடுகொடுக்கும் தன்மை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இதைப் பொதுவாசகர்களுக்குச் சொல்பவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? உலகத்தில் உள்ள எல்லாமே ஜீட்டாவுக்குள் இருக்கிறதாம். எழுதிய புத்தகம், இனிமேல் எழுதப் போகிற புத்தகம், உங்கள் முகம், உங்கள் கையெழுத்து, எல்லாம் அங்கே எங்கோ பதிந்து கிடக்கிறதாம். கேட்டால் புல்லரிக்கும். அடுத்த நிமிடமே பிரபஞ்ச ரகசியம், அண்டம், பிண்டம் என்று பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நட்சத்திரக் குறியை அழித்துவிட்டுச் சொல்கிறார்கள். வொரோனின் தேற்றத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஜீட்டா எந்தச் சார்பைப் போல வேஷம் கட்டப் போகிறதோ, அந்தச் சார்பு எங்கேயும் பூஜ்யம் ஆகக் கூடாது. இது ஓரத்தில் தள்ள வேண்டிய சில்லறை விஷயம் இல்லை. தேற்றத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

சரி, ஜீட்டா என்றால் என்ன? (கணக்கு என்றதும் ஜன்னலை மூடிவிட வேண்டாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும் :-))

1 + 1/4 + 1/9 + 1/16 + ... என்று முழு எண்களின் வர்க்கங்களைத் தலைகீழாக்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். கூட்டுத்தொகை 1.6449... என்ற எண்ணை நெருங்கும். அது பையின் வர்க்கத்தை 6-ஆல் வகுத்தால் வருவது என்று 1735-ல் ஆய்லர் அறிவித்தார். வர்க்கத்துக்குப் பதில் கனம் போடலாம், நான்காம் அடுக்கு போடலாம். எந்த அடுக்கைக் கொடுத்தாலும் ஒரு விடை தரும் எந்திரம்தான் ஜீட்டா சார்பு.

இதில் பகா எண்கள் எங்கே வந்தன? அதுவும் ஆய்லர் கைவரிசை. மேலே உள்ள அதே 1.6449-ஐ 4/3 × 9/8 × 25/24 × 49/48 × ... என்று பெருக்கியும் வாங்கலாம். மேலே உள்ளவை 2, 3, 5, 7 என்ற பகா எண்களின் வர்க்கங்கள், கீழே ஒன்று குறைவு. முதல் நான்கைப் பெருக்கினாலே 1.595 வந்துவிடுகிறது. ஒவ்வொரு முழு எண்ணையும் பகா எண்களாக ஒரே ஒரு விதமாகத்தான் உடைக்க முடியும் என்று பள்ளியில் படித்தோமே, அதன் மறுவடிவம்தான் இது. பேரேட்டில் ஒரு பக்கம் எல்லா முழு எண்களும் கூட்டலாக, மறுபக்கம் பகா எண்கள் மட்டும் பெருக்கலாக. இரண்டு பக்கமும் பைசா பிசகாமல் சரியாக நிற்கும்.

1859-ல் ரீமான் செய்தது, அடுக்கின் இடத்தில் கலப்பெண்ணைப் போட்டது. கலப்பெண் என்றால் ஒரு தளத்தில் ஒரு புள்ளி. கிழக்கு மேற்காக எவ்வளவு தள்ளி, தெற்கு வடக்காக எவ்வளவு உயரம் என்று இரண்டு எண் கொடுத்தால் புள்ளி கிடைத்துவிடும். அந்தத் தளத்தில் 1 என்ற ஒரே புள்ளியைத் தவிர எல்லா இடத்திலும் ஜீட்டாவுக்கு அர்த்தம் உண்டு என்று காட்டினார். 0-க்கும் 1-க்கும் நடுவில் செங்குத்தாக ஒரு பட்டை போகிறது. அந்தப் பட்டைக்குள் ஜீட்டா பூஜ்யமாகும் இடங்கள் எல்லாம் நட்டநடுவே, 1/2 என்ற கோட்டின் மேல்தான் இருக்கும் என்று ஊகித்தார். இதுதான் ரீமான் கருதுகோள். எண் கோட்பாட்டில் அவர் வெளியிட்ட ஒரே கட்டுரை அது. 2000-ல் கிளே நிறுவனம் இதன் தலைக்கு 10 லட்சம் டாலர் விலை வைத்தது. இன்றுவரை யாரும் வாங்கவில்லை.

இனி கதை பட்டையின் வலது பாதியில், அதாவது 1/2-க்கும் 1-க்கும் நடுவில் நடக்கிறது.

முதலில் உள்ளே இறங்கியவர் டென்மார்க்கின் ஹரால்ட் போர். அணு இயற்பியல் நீல்ஸ் போரின் தம்பி. அந்தக் காலத்தில் அண்ணனைவிடத் தம்பிதான் ஊரில் பிரபலம், காரணம் கால்பந்து! 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 17-1 என்று பந்தாடி, கடைசியில் வெள்ளி வாங்கிய டென்மார்க் அணியில் ஆடியவர். பிறகு பந்தை வைத்துவிட்டு ஜீட்டாவை எடுத்தார். 1914-ல் ரிச்சர்ட் கூரன்ட்டுடன் சேர்ந்து ஒன்று காட்டினார்: வலது பாதியில் ஒரு செங்குத்துக் கோட்டைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டே போனால், நீங்கள் நினைக்கும் எந்த எண்ணுக்கும் ஜீட்டாவின் மதிப்பு எவ்வளவு வேண்டுமானாலும் பக்கத்தில் வரும். எண் எதுவானாலும் சரி, கலப்பெண்ணானாலும் சரி.

போர் சொன்னது ஒரு புள்ளியில் ஒரு மதிப்பைப் பற்றி. 60 வருஷம் கழித்து வொரோனின் சொன்னது ஒரு முழு வடிவத்தைப் பற்றி. பட்டையின் வலது பாதிக்குள் 1/4-ஐவிடச் சிறிய ஆரம் உள்ள ஒரு வட்டத் தட்டை வையுங்கள். அந்தத் தட்டின் மேல் உங்களுக்குப் பிடித்த ஒரு சார்பைத் தேர்ந்தெடுங்கள். கலப்பெண் முறையில் வகையிட முடிகிற நல்ல சார்பாக இருக்க வேண்டும், எங்கேயும் பூஜ்யம் ஆகக் கூடாது. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள், லட்சத்தில் ஒரு பங்கோ, கோடியில் ஒரு பங்கோ. இப்போது தட்டை அப்படியே செங்குத்தாக மேலே நகர்த்திக்கொண்டு போனால், ஏதோ ஒரு உயரத்தில் ஜீட்டா, தட்டு முழுக்க, உங்கள் சார்பைப் போலவே இருக்கும். நீங்கள் கேட்ட துல்லியத்தில்! ஒரு தடவை தற்செயலாக இல்லை. அப்படிப்பட்ட உயரங்கள் மொத்த உயரத்தில் ஒரு நிரந்தரப் பங்கு இருக்கும். மிகச் சிறிய பங்காக இருக்கலாம், ஆனால் எவ்வளவு மேலே போனாலும் தேய்ந்து காணாமல் போகாது.

வொரோனின் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'யுனிவர்சாலிட்டி' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள்தான் போட்டிருந்தார். கண்டுபிடித்தவருக்கே அந்தச் சொல்லில் கொஞ்சம் கூச்சம். பின்னால் வந்தவர்களுக்கு அது இல்லை.

'எல்லாம் உள்ளே இருக்கிறது' என்பது உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா? 0.123456789101112131415... என்று 1, 2, 3-ஐ வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட் சாம்பர்னவுன் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது 1933-ல் இதை வைத்துக் கட்டுரை எழுதினார். (பின்னாளில் பொருளாதாரப் பக்கம் வந்து பேர் வாங்கியவர். வணிகவியல் மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) இந்த எண்ணில் உங்கள் தொலைபேசி எண் இருக்கிறது. எழுத்துகளை எண்ணாக மாற்றிக்கொண்டால் எந்தப் புத்தகமும் இருக்கிறது. அதற்காகவே செய்த எண் அது. எல்லாவற்றையும் மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டு, அட மூட்டைக்குள் எல்லாம் இருக்கிறதே என்று வியப்பதில் என்ன இருக்கிறது?

சார்புகளிலும் இப்படிப்பட்ட மூட்டை உண்டு. 1929-லேயே அமெரிக்காவின் பிர்க்காஃப், நகர்த்திக்கொண்டே போனால் எந்த நல்ல சார்பையும் போல வேஷம் போடுகிற ஒரு சார்பு உண்டு என்று காட்டிவிட்டார். ஆனால் அது அந்த ஒரு வேலைக்காகவே கட்டியது. ஜீட்டாவை யாரும் எதற்காகவும் கட்டவில்லை. முழு எண்களைக் கூட்டும் கணக்கில் தானாக வந்து விழுந்தது. வியப்பு அங்கேதான். மூட்டைக்குள் எல்லாம் இருப்பது அதிசயம் இல்லை, மூட்டை கட்டியது யார் என்பதுதான் கேள்வி.

முகவரிப் பிரச்சினையும் இருக்கிறது. உங்கள் முகம் ஜீட்டாவில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று எழுதித் தர வேண்டுமானால், அந்த உயரத்தின் இலக்கங்களை எழுதும் செலவு பொதுவாக முகத்தை நேராக வரைந்து தரும் செலவுக்குக் குறையாது. இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, எண்ணிப் பார்த்தாலே தெரியும். கோடி வெவ்வேறு படங்களுக்குக் கோடி வெவ்வேறு முகவரி வேண்டும், கோடி முகவரிக்கு ஏழெட்டு இலக்கமாவது வேண்டும். நிஜத்தில் இதைவிட மோசம். இந்த உயரத்துக்குள் கட்டாயம் கிடைக்கும் என்று இதுவரை நிரூபித்துத் தந்திருக்கும் எல்லைகள், பிரபஞ்சத்தின் அணு எண்ணிக்கை எல்லாம் தூசு என்று சொல்லும் அளவுக்குப் பெரியவை. ஆக ஜீட்டாவில் ஒரு நூலகம் இருக்கிறதுதான். அட்டவணை, நூலகத்தைவிடப் பெரிது.

மூட்டை கட்டியவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். பதில்: பகா எண்கள்.

ஒவ்வொரு பகா எண்ணையும் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையில் மேலே ஏற ஏற முட்கள் சுற்றுகின்றன. 2-இன் முள் ஒரு சுற்று முடிக்க 9.06 உயரம் ஏற வேண்டும். 3-இன் முள்ளுக்கு 5.72. 5-க்கு 3.90. அந்தந்தப் பகா எண்ணின் மடக்கைதான் முள்ளின் வேகம். இந்த வேகங்களுக்குள் எந்த ஒப்பந்தமும் கிடையாது. 2-இன் முள் இத்தனை சுற்று முடிக்கும்போது 3-இன் முள் சரியாக அத்தனை சுற்று முடிக்கும் என்று ஒருநாளும் சொல்ல முடியாது. ஏன்? சொல்ல முடிந்தால் 2-இன் ஏதோ ஒரு அடுக்கும் 3-இன் ஏதோ ஒரு அடுக்கும் சமமாக வேண்டும். ஒன்று இரட்டைப்படை, இன்னொன்று ஒற்றைப்படை, எப்படிச் சமமாகும்? எத்தனை பகா எண்களைச் சேர்த்தாலும் இதே கதைதான், ஏனென்றால் பகா எண்களாக உடைக்கும் வழி ஒன்றே ஒன்று.

ஒப்பந்தம் இல்லாத முட்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. முதல் நூறு முட்களும் எந்தெந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று நீங்கள் ஆளுக்கு ஒரு திசையாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், ஏதோ ஒரு உயரத்தில் நூறும் ஒரே நேரத்தில் கிட்டத்தட்ட அந்தந்தத் திசையில் வந்து நிற்கும். இது 19-ஆம் நூற்றாண்டிலேயே குரோனெக்கர் காட்டிய உண்மை. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குச் சுற்றுவதால்தான், பொறுமையாகக் காத்திருப்பவருக்கு எல்லாம் ஒத்துவருகிறது. (கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர் சினிமாவுக்கு நேரம் குறிப்பதும் இதே தேற்றம்தான். என்றைக்காவது ஒத்துவரும் என்பது நிச்சயம், இந்த ஆயுளில் என்று சொல்லவில்லை.)

முட்களைத் திருப்பி என்ன வரைய முடியும் என்பது முட்களின் நீளத்தைப் பொறுத்தது. இங்கேதான் பட்டையின் வலது பாதி ஏன் என்பது புரிகிறது. அந்தப் பாதிக்குள் எல்லா முட்களின் நீளத்தையும் கூட்டினால் முடிவிலி. கையில் உள்ள முதலுக்கு எல்லையே இல்லை, எவ்வளவு தூரத்தில் உள்ள இலக்கையும் எட்டிவிடலாம். அதே சமயம் நீளங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் ஒரு எல்லைக்குள் அடங்கும். ஆகவே நீங்கள் கட்டுப்படுத்தாமல் விட்ட கோடானுகோடி குட்டி முட்கள் தம் இஷ்டத்துக்குச் சுற்றினாலும், சராசரியில் அவை செய்யும் குழப்பம் சில்லறைப் பிசகுதான். 1-ஐத் தாண்டி வலது பக்கம் போனால் முதல் போதாது. 1/2-ஐத் தாண்டி இடது பக்கம் போனால் குழப்பம் கட்டுக்குள் நிற்காது. இரண்டும் சரியாக இருக்கும் இடம் அந்த அரை அகலம்தான்.

முட்களை வைத்து நினைத்த சார்பை எட்டும் கடைசிப் படிக்கு வொரோனின் எடுத்தது ஒரு பழைய ஆயுதம். 1 - 1/2 + 1/3 - 1/4 + ... போன்ற சில முடிவிலாத் தொடர்களில் உறுப்புகளின் வரிசையை மாற்றி எழுதினால் எந்த விடையை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். பற்று வரவை வரிசை மாற்றி எழுதினால் இருப்பே மாறும் கணக்கு, தணிக்கையாளர் மயக்கம் போட்டுவிடுவார். எண்களுக்கு இருந்த அந்தத் தேற்றத்தைச் சார்புகளுக்கு நீட்டிய வடிவம் வொரோனினுக்குக் கைகொடுத்தது. எண்களுக்கான மூலத் தேற்றம் யாருடையது தெரியுமா? அதே ரீமான்.

இப்போது நட்சத்திரக் குறிக்கு வரலாம். ஏன் பூஜ்யம் கூடாது?

நிபந்தனை அவ்வளவு முக்கியம் இல்லை என்று சொல்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. சென்செக்ஸ் வரைபடத்தை எடுங்கள், அது பூஜ்யத்தைத் தொட்டதே இல்லை. அதை ஜீட்டா போலி செய்யும். நஷ்டத்துக்கும் லாபத்துக்கும் மாறி மாறிப் போகும் நிறுவனத்தின் கணக்கு வரைபடம்? அது பூஜ்யத்தைக் கடக்கும். ஆனால் அது வெறும் கோடு. கலப்பெண் தளத்தில் கோட்டுக்குப் பக்கவாட்டில் இடம் உண்டு, பூஜ்யம் வரும் இடத்தில் மயிரிழை ஒதுங்கிப் போய்விட்டால் நிபந்தனை மீறவில்லை, படமும் கெடவில்லை. இல்லையென்றால் எல்லாவற்றோடும் ஒரு பெரிய எண்ணைக் கூட்டிவிட்டால் பூஜ்யமே வராது. ஆகவே புத்தகம், முகம், கையெழுத்து எல்லாவற்றையும் நிபந்தனைக்குள் அடக்கிவிடலாம். பிறகு எதற்கு அந்த எறும்பு வரி, கூட்டம் கலைந்துவிடுமே என்கிறார்கள்.

சரிதான். முகத்துக்கும் கையெழுத்துக்கும் அது தேவையில்லை. ஜீட்டாவுக்குத் தேவை.

கோட்டில் ஒதுங்கலாம், தட்டில் ஒதுங்க முடியாது. ஒரு சார்பு தட்டுக்குள் ஓரிடத்தில் பூஜ்யமாகிறது, விளிம்பில் எங்கும் பூஜ்யம் இல்லை என்று வையுங்கள். நீங்கள் தட்டின் விளிம்பை ஒரு சுற்று வந்தால், சார்பின் மதிப்பு பூஜ்யத்தைப் பிரதட்சிணம் செய்துவிட்டு வரும். இது கலப்பெண் சார்புகளின் குணம். ஜீட்டா அந்தச் சார்பை நெருக்கமாகப் போலி செய்தால் அது என்ன ஆகும்? கோயிலைச் சுற்றும் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரடி தள்ளி நடக்கும் பேரனும் கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் வந்திருப்பான். பேரன் மட்டும் சுற்றாமல் தப்பிக்க வழியே இல்லை. ஆக, விளிம்பைச் சுற்றியபோது ஜீட்டாவின் மதிப்பும் பூஜ்யத்தைச் சுற்றியது, அப்படியானால் தட்டுக்குள் ஜீட்டாவுக்கே ஒரு பூஜ்யம் இருந்தாக வேண்டும். தட்டு இருப்பது எங்கே? 1/2 கோட்டுக்கு வலது பக்கம், ரீமான் 'இங்கே பூஜ்யம் கிடையாது' என்று சொன்ன இடத்தில்.

பூஜ்யம் உள்ள ஒரு சார்பை ஜீட்டா ஒரே ஒரு முறை, போதுமான நெருக்கத்தில், போலி செய்துவிட்டால் போதும். ரீமான் கருதுகோள் காலி.

அப்படியானால் நிபந்தனையை எடுத்துவிட்டு, அதாவது பூஜ்யம் உள்ள சார்புகளையும் சேர்த்து, தேற்றம் உண்மையாக இருக்குமா? இருக்காது. அதற்கும் நிரூபணம் உண்டு, ரீமான் கருதுகோளைத் துணைக்குக் கூப்பிடாமலேயே. 1/2-க்கு வலப்பக்கம் ஏதாவது ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டு, அதற்கும் அப்பால் பூஜ்யங்கள் இருந்தாலும் அவை மிக அபூர்வம் என்று ஸ்வீடனின் ஃபிரிட்ஸ் கார்ல்சன் 1920-ல் காட்டிவிட்டார். உயரத்தோடு ஒப்பிட்டால் அவற்றின் பங்கு தேய்ந்து தேய்ந்து பூஜ்யத்துக்குப் போய்விடும். வொரோனின் வகைப் போலியோ நிரந்தரப் பங்கு கேட்கும். இரண்டும் ஒரே பேரேட்டில் ஒத்துப்போகாது. எனவே அந்த எறும்பு வரி வொரோனினின் திறமைக் குறைவால் வந்தது இல்லை. ஜீட்டாவே போட்ட நிபந்தனை அது.

இந்த இடத்தில் ராமானுஜனை இழுப்பது வழக்கம், இங்கே ஒரு காரணத்தோடு இழுக்கலாம். 1 + 2 + 3 + ... = -1/12 என்பது இணையத்தில் எத்தனையோ முறை சுற்றிவிட்டது. ஜீட்டாவில் -1 என்ற அடுக்கைப் போட்டால் வரும் மதிப்பு அது. முழு எண்களைக் கூட்டினால் கழித்தல் பின்னமா என்று வாய் பிளக்க வைத்து, அதோடு விட்டுவிடுவார்கள். 1913 பிப்ரவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் இதைக் குறிப்பிடுகிறார். அப்போது 'என் கோட்பாட்டின்படி' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார், இதைச் சொன்னால் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவார்கள் என்று வேடிக்கையும் பண்ணியிருந்தார். சென்னைத் துறைமுகத்தில் கணக்கு எழுதிய குமாஸ்தா நட்சத்திரக் குறியை மறக்கவில்லை. மறந்தவர்கள் நூறு வருஷம் கழித்து வந்தவர்கள்.

வியப்பை ஊட்டுவதற்காக நிபந்தனையைத் தூக்கி எறிவதில் என்ன நஷ்டம் என்றால், அதைவிடப் பெரிய வியப்பு கூடவே குப்பைக்குப் போகிறது. 'ஜீட்டாவுக்குள் எல்லாம் இருக்கிறது' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போன பள்ளி மாணவருக்கு, இதற்கும் ரீமான் கருதுகோளுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். சம்பந்தம் சாதாரணமானது இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இங்கேதான், கல்கத்தாவில் இருந்தார்.

எல்லாரையும் போல வேஷம் கட்டும் ஜீட்டா, தன்னைப் போலவே வேஷம் கட்டுமா? கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இதுதான் உண்மையான கேள்வி. பட்டையின் வலது பாதியில் ஒரு இடத்தில் ஜீட்டா எப்படி இருக்கிறதோ, அதே போல மேலே எங்கோ மறுபடியும், நிரந்தரப் பங்கு உயரங்களில், இருக்குமா? இந்த வகைக் கேள்வியை 1922-லேயே ஹரால்ட் போர் கேட்டார். ஜீட்டாவின் ஒன்றுவிட்ட சகோதரர்களான எல்-சார்புகள் சிலவற்றுக்குப் பதிலும் கண்டுபிடித்தார். ஜீட்டாவுக்கு அவருக்கு வழி கிடைக்கவில்லை. 1981-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாஸ்கர் பாக்சி தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அதைத் தொட்டார். வொரோனின் தேற்றத்தை நிகழ்தகவு மொழியில் புதிதாக எழுதினார். 'ஜீட்டா தன்னைத்தானே போலி செய்யும்' என்பதும் 'ரீமான் கருதுகோள் உண்மை' என்பதும் ஒன்றுதான் என்று காட்டினார்.

நிரூபணத்தின் சாரம் இரண்டு வரி, மேலே சொன்னதெல்லாம் கையில் இருந்தால். ரீமான் சொன்னது சரி என்று வையுங்கள். வலது பாதியில் ஜீட்டாவுக்குப் பூஜ்யமே இல்லை. அப்படியானால் ஜீட்டாவே வொரோனினின் நிபந்தனையைப் பூர்த்தி செய்கிறது, தேற்றத்தில் 'உங்களுக்குப் பிடித்த சார்பு' என்ற இடத்தில் ஜீட்டாவையே போடலாம். ரீமான் சொன்னது தப்பு என்று வையுங்கள். வலது பாதியில் எங்கோ ஒரு பூஜ்யம் இருக்கிறது. ஜீட்டா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப, நிரந்தரப் பங்கு உயரங்களில், போலி செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பூஜ்யம் பிறக்கும். கார்ல்சனின் கணக்கு அத்தனை பூஜ்யங்களை அனுமதிக்காது. ஆகவே போலி செய்ய முடியாது.

10 லட்சம் டாலர் கேள்வி, 'எல்லாம் உள்ளே இருக்கிறதா' என்பது இல்லை. ஜீட்டாவுக்குள் ஜீட்டா இருக்கிறதா என்பது. சென்செக்ஸ் இருக்கிறது, உங்கள் கையெழுத்து இருக்கிறது, யாரும் இதுவரை யோசிக்காத சார்புகள் இருக்கின்றன, அது எல்லாம் 1975-லேயே முடிந்த கணக்கு. அது தானாகவே இருக்கிறதா என்பதற்கு மட்டும் இன்றும் பதில் இல்லை. அந்தப் பதில் தொங்குவது, எல்லாரும் விட்டுவிட்டுச் சொல்லும் அந்த எறும்பு வரியில்.

2021-ல் டேவ் பிளாட்டும் டிம் ட்ரட்ஜியனும் வெளியிட்ட கணக்கின்படி, 3 லட்சம் கோடி உயரம் வரை ஒன்று விடாமல் சரிபார்த்ததில் பட்டையின் எல்லாப் பூஜ்யங்களும் நடுக்கோட்டின் மேலேயே இருந்தன. வலது பாதியில் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேலே அங்கங்கே எட்டிப் பார்த்திருக்கிறார்கள், அங்கேயும் இல்லை. ஆனால் வொரோனின் தேற்றம் வாக்களிக்கும் வேஷங்களுக்கு இன்று நிரூபித்துத் தர முடிகிற உயரங்களோடு வைத்துப் பார்த்தால், 3 லட்சம் கோடி என்பது மாடிப்படியில் முதல் படிக்குக்கூடக் காலைத் தூக்காத நிலைதான்.